பெரியம்மாவின் கைக்கு ஆள் தேடிய கதை

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போகிறது. கம்பெனி மலரில் போட வேண்டும், நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்று இப்போது கம்பெனியை நடத்துகிற ஆயிஷா மேடம் கேட்டதால் எழுதுகிறேன். படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் கன்னியம்மாள். மாதனூர் பக்கம் வீடு. பதினேழு வயதில் ஆம்பூரில் நம் கம்பெனியின் பழைய டேனரிக்குத் தோல் தூக்கும் வேலைக்கு வந்தேன். ஷூ பேக்டரி கட்டிய பிறகு அங்கே செக்கிங் டேபிளில் போட்டார்கள். அங்கிருந்து ரிட்டயர் ஆனேன். இவ்வளவுதான் என் சர்வீஸ். ஆனால் நடுவில் நாலு வருடம் நான் வேறொரு வேலை பார்த்தேன். அது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

1. முகம் இல்லாத படங்கள்

போன வருடம் ஒரு நாள் கம்பெனி வேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. "ஆயா, மேடம் உன்னக் கூட்டியாரச் சொன்னாங்க. நல்ல சேலையா கட்டிக்கினு வா" என்றார் டிரைவர். ரிட்டயர் ஆகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பாஸ் பண்ணின ஷூ ஏதாவது இப்போதுதான் பிய்ந்துபோய்த் திரும்பி வந்திருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன்.

விஷயம் வேறு. ஆபீஸ் வாசல் ஹாலில், கம்பெனியை நடத்திய மூன்று பெண்களுக்கு மரியாதையாகத் தோலில் படம் செய்து வைக்கப் போகிறார்கள். தோலை நனைத்து, அழுத்தி, உருவம் எடுக்கிற வேலை. அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு சிற்பி வந்திருந்தார். சின்ன வயசு, தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தார்.

முதல் பெண் பெரியம்மா. ஆயிஷா மேடத்தின் தாத்தாவைப் பெற்றவர். இரண்டாவது பெரியம்மாவின் மருமகள். மூன்றாவது ஆயிஷா மேடத்தின் அம்மா. முதல் இரண்டு பேரும் கோஷா. வெளி ஆள் யாரும் முகம் பார்த்ததில்லை, போட்டோவும் எடுத்துக்கொண்டதில்லை. மூன்றாவது அம்மாவுக்கு வேண்டிய மட்டும் போட்டோ இருக்கிறது. ஆனால் அவர், "என் மாமியார் மொகமும் அவங்க மாமியார் மொகமும் இல்லாத எடத்துல என் மொகம் மட்டும் எதுக்கு?" என்று மறுத்துவிட்டார்.

கடைசியில் முகமே வேண்டாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது அம்மாவுக்கு அவருடைய மூக்குக் கண்ணாடி. இரண்டாவது அம்மா கப்பலில் சரக்கு ஏற்றுவதையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து டெலிபோனிலேயே முடித்தவர். அதனால் ஒரு டெலிபோன். பெரியம்மாவுக்கு அவருடைய வலது கை.

கண்ணாடியும் டெலிபோனும் அப்போதே தயாராகிச் சுவரில் மாட்டியிருந்தன. கேட் செக்யூரிட்டி அதைப் பார்த்துவிட்டு என் காதில், "இன்னா ஆயா, பஸ்ல தொலைஞ்ச பொருளையெல்லாம் மாட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கி இருந்தது அந்தக் கை.

2. கையின் வேலை

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் இதைச் சொல்கிறேன். பெரியம்மாவின் வீட்டுக்காரர் இறந்தபோது மகன் சிறுவன். வீட்டுக்காரரின் தம்பி டேனரியை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தார். பெரியம்மா கொடுக்கவில்லை. வீட்டுக்கும் டேனரிக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உடைக்கச் சொன்னார். அதில் ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் ஹால், இந்தப் பக்கம் பெரியம்மா.

பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக ஜன்னல் பலகையில் போடுவார்கள். திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வரும். தோலைத் தடவும். கழுத்து, முதுகு, வயிறு, ஓரம். உண்ணி கடித்த இடம், முள் கீறின இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். பிறகு விரல் நீட்டும். ஒரு விரல் என்றால் ஒன்றாம் நம்பர், முதல் தரம், இரண்டு என்றால் இரண்டாம் நம்பர். இப்படி ஐந்து வரை. முஷ்டி என்றால் ரிஜெக்‌ஷன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

அந்தக் கையோடு சண்டை போடாத புரோக்கர் இல்லை. "இது ரெண்டாம் நம்பரும்மா, நல்லாத் தடவிப் பாரும்மா!" என்று ஆள் கத்திக்கொண்டிருப்பார். கை மூன்று விரலைக் காட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். கடைசியில் அவரே கும்பிட்டுவிட்டுப் போவார்.

நான் உள்பக்கம் நின்று தோலை மடித்து அடுக்குவேன். பெரியம்மாவின் கையை மிகக் கிட்டத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். மெலிந்த கை. நீளமான விரல்கள்.

ஒரு நாள் காலையில் பெரியம்மாவுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணிவிட்டது. டேனரி ஒரு வாரம் நின்றது. "அண்ணி கையி நின்னுட்டா டேனரி எங்கிட்ட வரணும்" என்று கொழுந்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எட்டாம் நாள் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, நீலக்கல் வைத்த தன் வெள்ளி மோதிரத்தை என் விரலில் போட்டார். என் நகத்துக்கு மருதாணி வைக்கச் சொன்னார். நாற்காலியைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"கன்னிம்மா, கைய நீட்டு."

"எனக்குத் தோலப் பத்தி இன்னாம்மா தெரியும்?"

"ஜாஸ்தி பேசாத. நான் சொல்றேன், நீ காட்டு."

நீட்டினேன். அவர் இடது கையால் தோலின் உள்பக்கத்து நுனியைத் தடவிப் பார்த்து, கோணின வாயால் நம்பர் சொல்வார். நான் விரல் காட்டுவேன். மெலிந்த கை திடீரென்று குண்டாகிவிட்டதே என்று வெளியே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலாளி வீட்டு அம்மா கையை யார் உற்றுப் பார்ப்பார்கள்? "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்ததுல பெரியம்மாவுக்கு ஒடம்பு தேறிடுச்சு" என்று ஹாலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

கொஞ்ச மாதத்தில் அவர் நம்பர் சொல்வதற்கு முன்பே என் விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டுவார். போகப் போக நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். இப்படி நாலு வருடம். மகன் வளர்ந்து பொறுப்பு எடுத்ததும் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். பெரியம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். "இந்தக் கை மேல சத்தியம் பண்ணு. நான் மண்ணுக்குப் போன பொறவும் யாருக்கும் சொல்லாத." செய்துகொடுத்தேன். சொன்னால் கை விழுந்துவிடும் என்று நானாகவே பயந்துகொண்டேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

3. காதர் பாயின் சாட்சி

ஆயிஷா மேடம் கூப்பிட்ட கூட்டத்துக்கு இன்னொருவரும் வந்திருந்தார். காதர் பாய். அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்று தோல் எடுத்துப் போட்டவர். கையின் நம்பரைச் சத்தமாகச் சொல்வதும் அவர்தான். இப்போது கண் மங்கல், காது மந்தம். தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

சிற்பி என்னிடம், "அவங்க கை எப்படி இருக்கும் பாட்டி?" என்று கேட்டார்.

"மெலிஞ்ச கை சார். வெரலு நீளமா இருக்கும்" என்றேன். அது சத்தியமான உண்மை.

"பொய்!" என்று எழுந்தார் காதர் பாய். "நான் பாத்திருக்கேன்! உருண்டையா, பூரி மாதிரி இருக்கும். கட்ட வெரலுக்குக் கீழ ஒரு சூட்டுத் தழும்பு, வெத்தல மாதிரி. அந்த டீ கதைய இவ சொல்லலியா?"

டீ கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நம் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஒரு புரோக்கரின் தோல் கட்டு மொத்தத்தையும் கை ரிஜெக்‌ஷன் பண்ணியது. அவர் ஆத்திரத்தில் கையிலிருந்த டீ டம்ளரை ஜன்னல் பலகையில் ஓங்கி அடித்தார். கொதிக்கிற டீ கையின் மேல் கொட்டியது. கை பின்னால் போகவே இல்லை. விரலைக்கூட விரிக்கவில்லை. அதே இடத்தில் அதே முஷ்டி. புரோக்கர் காலில் செருப்பு இல்லாமல் ஓடினார். அவர் விட்டுப்போன செருப்பு ரொம்ப நாள் ஹாலில் கிடந்தது.

அந்தக் கை என்னுடையது. ஏன் இழுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வலது கையை முந்தானைக்குள் விட்டு மூடிக்கொண்டேன். எதிரே சலீம் சார் உட்கார்ந்திருந்தார். அந்தக் கொழுந்தனாரின் பேரன், இப்போது கம்பெனியில் பாதி அவர்கள் பக்கம். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க தாத்தா சொல்லுவாரு, தெரைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல, சும்மா தெரைதான்னு" என்றார். ஆயிஷா மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் குழந்தை பெரியம்மா கதையைக் கேட்டுத்தான் படித்து வந்து இந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் வாயைத் திறந்தால் சலீம் சார் தாத்தா சொன்னது உண்மையாகிவிடும், பெரியம்மா பேர் போய்விடும். திறக்காவிட்டால் யாரோ ஒருத்தியின் கையை அச்செடுத்து மாட்டுவார்கள். மாட்டட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

4. கை பரேடு

சிற்பிக்கு அச்செடுக்க உயிருள்ள கை ஒன்று வேண்டும். அப்படியென்றால் பேக்டரியில் இருக்கிற பெண்களில் அதே மாதிரி கை யாருக்கு இருக்கிறது என்று காதர் பாய் பார்த்துச் சொல்லட்டும் என்றார் ஆயிஷா மேடம். பாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னிய பொம்பளைங்களை மொகம் பாத்துக்கினு கையப் பாக்க மாட்டேன். தெர கட்டுங்க" என்றார்.

கட்டினார்கள். சனிக்கிழமை மத்தியானம், கேன்டீனில், பச்சைத் துணி. வெளிப்பக்கம் ஒரு மேஜை, ஸ்டூலில் காதர் பாய், பக்கத்தில் சிற்பி, ஆயிஷா மேடம், வேடிக்கை பார்க்க சலீம் சார். உள்பக்கம் தையல் செக்‌ஷன் பெண்கள் வரிசை. அவர்களை ஒவ்வொருவராக அனுப்புகிற வேலை எனக்கு.

பாய் ஒரு ஆட்டுத்தோலையும் மேஜையில் போட்டுக்கொண்டார். "கை எப்டி இருக்குன்னு பாக்கறது அப்புறம். தோல எப்டி தொடுதுன்னு பாக்கணும்" என்றார்.

முதல் கை போனது.

"இது துணி புடிக்கிற கை. ரிஜெக்‌ஷன்!"

அடுத்தது.

"இது போன் தேய்க்கிற கை. ரிஜெக்‌ஷன்!"

"யோவ் பாய், நல்லாப் பாத்து சொல்லு. நேத்துதான் நெயில் பாலிஷ் போட்டேன்!" என்று உள்ளிருந்து ஒருத்தி கத்தினாள்.

"பாலிஷ் இருக்குது, கிரெயின் இல்ல!" தோலின் மேல்வரியைத்தான் கிரெயின் என்போம்.

வரிசையில் ஒரே சிரிப்பு. "என் வீட்டுக்காரரே என் கைக்கு நம்பர் போட்டதில்லடி" என்றாள் ஒருத்தி. ஒருத்திக்கு நாலாம் நம்பர் கிடைத்தது. அதற்கே மற்றவர்கள் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் அம்மா தானும் நீட்டினார், ரிஜெக்‌ஷன் வாங்கினார். அதற்கு விழுந்த கைதட்டல்தான் ஜாஸ்தி.

டீ டைம் முடியப் போகிற நேரம். ஒரு கையும் சரியாக வரவில்லை. ஆயிஷா மேடம் சோர்ந்துபோன குரலில், "உள்ள இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

தையலில் இருக்கும் ராணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு கை பாக்கி மேடம்!" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எல்லாரையும் தள்ளி வுட்டுட்டு நீ மட்டும் நைசா நிக்கிறியா ஆயா? நீட்டு!"

"வேணாம்மா, எனக்கு எதுக்கு..." என்று சொல்லி முடிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திரைக்கு அடியில் விட்டுவிட்டாள்.

இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் விரலுக்கு அடியில் தோல் இருந்தது. நான் சொல்லாமலே கை கிளம்பிவிட்டது. கழுத்துக்குப் போனது. முதுகு வழியாக இறங்கி வயிற்றுப் பக்கம் திரும்பியது. ஓரத்தில் உண்ணி கடித்த புள்ளிகள். ஓரத்தை ஒரு தடவை மடித்துப் பார்த்தது. இரண்டு விரலை நீட்டியது.

வெளியே சத்தம் அடங்கிவிட்டது. ஸ்டூல் நகர்ந்தது.

"சலாம் பெரியம்மா" என்றார் காதர் பாய்.

விடாமல் அவரே தொடர்ந்தார். "ஒங்களுக்கு மண்ணு போட்டவன்ல நானும் ஒருத்தன். எனக்குத் தெரியும். ஆனா வந்துட்டீங்க, கேக்காம வுட மாட்டேன். அன்னிக்கு வெள்ளிக்கெழம. தோல் ஒண்ணு போட்டுக்கினே, அம்மா, எனக்கு நிக்கா பேசியிருக்காங்க, நாலு நாள் லீவு குடுங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்குதா? நீங்க முஷ்டி காட்டினீங்க! ரிஜெக்‌ஷன்! நான் வாயத் தொறக்காம போய்ட்டேன். பொண்ணு வீட்டுல இன்னா பேச்சுப் பேசினாங்க தெரியுமா? ஏழு மாசம் தள்ளிப்போச்சும்மா! நான் அப்டி இன்னா தப்பு பண்ணேன்?"

எனக்கு அந்தத் தோல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடு முதுகில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் தோல் பதனிடுகிற ட்ரம் சுற்றுகிற சத்தத்தில் பாய் பேசினதே என் காதில் விழவில்லை. பெரியம்மாவும் தூக்கத்தில் இருந்தார். ஒரு மனுஷனின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது நான்.

கையை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. சத்தியம் வேறு இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் ஒருவர் இதை மனதில் வைத்துக்கொண்டு இறந்துபோனவரைக் கோபித்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? நான் திரையை விலக்கினேன்.

"பாய், அந்த முஷ்டி தோலுக்குக் காட்டினது. ஒங்களுக்கு இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

"நாலு நாள் லீவு கேட்டேன்!"

"காதுல விழல பாய்."

"ஏழு மாசம்!" என்றார். நாலு வருடம் ஏமாற்றியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அந்த ஏழு மாதம்தான் பெரிதாக இருந்தது.

5. முழங்கை

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவில் நான் அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை. முடித்ததும் சலீம் சார் கையை விரித்தார். "பாத்தீங்களா ஆயிஷா? எங்க தாத்தா சொன்னதுதான். தெரைக்குப் பின்னாடி அவங்க இல்லவே இல்ல. வேலக்காரப் பொண்ணு கை."

ஆயிஷா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"அவங்க இல்லன்னா என் முழங்கையப் புடிச்சது யாரு சார்?" என்றேன்.

அந்த டீ கொட்டியபோது நான் அலறிக்கொண்டு கையை இழுத்தேன். ஆனால் கை வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பெரியம்மா விழித்து, விழாத அந்த இடது கையால் என் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். "இழுக்காத. இன்னிக்கு இழுத்தா நாளைக்கு எல்லாருமே டீ ஊத்துவாங்க" என்று காதில் சொன்னார். நான் சத்தம் போடாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அன்று இரண்டு பேருமே அழுதோம். நான் கை எரிச்சலில். அவர் என்னைப் பிடித்துக்கொண்டே.

ரவிக்கைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினேன். உள்பக்கம் பிறை மாதிரி நாலு வடு. பெரியம்மாவின் நகம் பதிந்த இடம். சிற்பி குனிந்து பார்த்தார், தொட்டும் பார்த்தார். "நாலு வெரல். இடது கைதான் மேடம்" என்றார்.

சலீம் சார் ஒரு டீ கேட்டார். கேன்டீன் ஆள் கொண்டுவந்து கொடுத்தபோது, சலீம் சார் என் கை மேஜையில் இருந்ததைப் பார்த்து, டம்ளரை வாங்கி ரொம்ப தூரத்தில் வைத்தார்.

6. ஹாலில் இருப்பது

இப்போது ஆபீஸ் ஹாலுக்குப் போனால் கண்ணாடியும் டெலிபோனும் சுவரில் இருக்கும். கையை மட்டும் சுவரில் மாட்டவில்லை. நடு ஹாலில் தடுப்பு மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பச்சைச் சாயம் போட்ட தோலில் திரை, அதிலிருந்து வெளியே வரும் முஷ்டி, கட்டைவிரலுக்குக் கீழே தழும்பு. ஷூ வாங்க வருகிற வெளிநாட்டு பையர்கள் அதன் பக்கத்தில் நின்று தாங்களும் முஷ்டி காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது ரிஜெக்‌ஷன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போனவர்கள் கம்மி. அங்கே என் முழங்கையும், அதைப் பிடித்திருக்கிற மெலிந்த, நீளமான விரல்களும் இருக்கின்றன. அந்த விரல்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சிற்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது நான். நான்கு தடவை சரியில்லை என்று ரிஜெக்‌ஷன் பண்ணினேன். ஐந்தாவதுதான் பெரியம்மா.

திறப்பு விழாவுக்குக் காதர் பாய் தன் வீட்டுக்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா முன்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தக் கைதானா?" என்று கேட்டார். பாய் தலையாட்டினார். அந்த அம்மா புர்காவுக்குள்ளிருந்து தன் கையை எடுத்து, அந்தத் தோல் முஷ்டிக்கு நேராகத் தன் முஷ்டியைக் காட்டினார். பிறகு என்னிடம் வந்து, "டீ குடிச்சியா?" என்று கேட்டார்.

சத்தியத்தை மீறியும் என் கை விழவில்லை. இதை எழுதுவதும் அதே கைதான். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். செக்கிங் டேபிளில் இருக்கிற பிள்ளைகளே, முஷ்டி காட்டுவதற்கு முன்னால் எதிரே நிற்கிற ஆள் ஏதாவது சொல்கிறாரா என்று மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கொஞ்சம் கேளுங்கள்.

மலரில் போடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். திரை பச்சைதானா, எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போனது ஏழு மாதம் என்கிறார் பாய், ஒன்பது மாதம் என்கிறார் அவர் வீட்டுக்கார அம்மா. இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோலில் ஓட்டை இருந்ததை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.